சல்வீனியா

சல்வீனியா நீரில் மிதந்து வளரும் பெரணி. தென்கிழக்கு பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இதைக் கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்பார்கள். பெயரில்தான் ஆப்பிரிக்கா, பிறப்பில் இல்லை. இலங்கைக்கு 1939இல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி வயல்களிலும் கால்வாய்களிலும் படர்ந்தது. இலையின் மேற்புறத்தை உற்றுப் பார்த்தால் மயிரிழைகள் நான்கு நான்காக எழுந்து நுனியில் ஒன்றுகூடி, சிறு கூண்டு போல நிற்பது தெரியும். அந்தக் கூண்டுகள் காற்றைப் பிடித்துக்கொள்வதால் இலைமேல் நீர் ஒட்டாது. அமுக்கினாலும் செடி மேலே வந்துவிடும். இதன் வித்துகள் முளைப்பதில்லை. முறிந்த துண்டுகளே புதுச் செடிகளாகின்றன. இப்படி இனவிருத்திக்கே வழியற்றது போலத் தோன்றும் செடிதான், 1958இல் சாம்பேசி ஆற்றை மறித்துக் கட்டிய கரிபா நீர்த்தேக்கத்தில் 1962க்குள் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டரை மூடியது.

இதை அடக்கிய வரலாற்றைப் பூச்சியின் வெற்றியாகவே சொல்வது வழக்கம். உண்மையில் அது வகைப்பாட்டியலின் வெற்றி. தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இச்செடியைச் சல்வீனியா ஆரிக்குலேட்டா என்ற பழைய இனமாகவே கருதினார்கள். ஆகவே அந்த இனம் வளரும் டிரினிடாட், கயானா பகுதிகளுக்குப் போய், அதைத் தின்னும் கூன்வண்டையும் வெட்டுக்கிளியையும் பிடித்துவந்து விட்டார்கள். பலன் சொல்லும்படி இல்லை. 1972இல் டேவிட் மிட்செல் கரிபாவின் செடி தனி இனம் என்று காட்டி, ‘தொல்லை தருவது’ என்று பொருள்படும் மொலெஸ்டா என்ற பெயரைச் சூட்டினார். அதற்குப் பிறகே அதன் தாயகம் எது என்ற கேள்விக்குப் பொருள் வந்தது. 1978இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரேசிலில் அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்த கூன்வண்டுகளைக் கொண்டுவந்தார்கள். 1980இல் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விடப்பட்ட அந்த 2 மில்லிமீட்டர் வண்டுகளின் சந்ததி அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய 18,000 டன் செடியைத் தின்றழித்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஏரியில் விட்டபோது அந்த வண்டை, டிரினிடாடிலிருந்து வந்து தோற்ற அதே இனம் என்றுதான் ஆய்வாளர்களும் எண்ணியிருந்தார்கள். அது வேறு இனம் என்று தெரிந்து, சிர்ட்டோபேகஸ் சல்வீனியே என்ற பெயர் கிடைத்தது 1985இல்தான். வண்டின் பெயர் தெரியாமலே வேலை முடிந்ததென்றால் வகைப்பாட்டியலுக்கு ஏன் இத்தனை பெருமை? வண்டின் பெயர் பிந்தியது உண்மை. செடியின் பெயர் பிந்தவில்லையே. எங்கே தேடுவது என்பதை முடிவு செய்தது செடியின் பெயர்தான். அது இல்லாதிருந்தால், ‘இந்த வண்டைத்தான் முன்பே விட்டுப் பார்த்தாயிற்றே’ என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

ஓர் அயல் உயிரை ஒழிக்க இன்னோர் அயல் உயிரா என்ற அச்சமும் வீண் அச்சமல்ல. 1935இல் கரும்பு வண்டைத் தின்னும் என்று குயின்ஸ்லாந்தில் விட்ட தேரை, கண்டதையெல்லாம் தின்று தானே பெருந்தொல்லையானது. ஆனால் அந்தத் தேரை எதையும் விழுங்கும் உயிர். இந்தக் கூன்வண்டுக்குச் சல்வீனியா இல்லையென்றால் பட்டினிதான். அதன் வாய்க்கு அவ்வளவு கட்டுப்பாடு. பப்புவா நியூ கினியின் செப்பிக் ஆற்றில் செடியின் சத்துக் குறைவால் வண்டு பெருகவில்லை. ஆய்வாளர்கள் யூரியா போட்டுக் களையைக் கொழுக்க வைத்தபின்னரே வண்டு காலூன்றியது. களைக்கு உரமிட்டு அதை அழித்தது வேளாண்மை வரலாற்றில் அரிய காட்சி. இந்தியாவில் 1983இல் பெங்களூரின் ஓர் அல்லிக் குளத்தில் தொடங்கிய முயற்சி கேரளத்துக்கும் போனது. அங்கே செடி அடைத்துக்கொண்டிருந்த கால்வாய்கள் பலவற்றில் மீண்டும் படகு ஓடியது. இலங்கையில் 1986இல் வண்டு விடப்பட்டது.

களை போனாலும், அதை வளர்த்த உரக்கழிவும் சாக்கடையும் நீரிலேயே இருக்கின்றன. அதே நீரில் தழைக்கும் ஆகாயத்தாமரையை இந்தக் கூன்வண்டு தொடுவதில்லை.