நுளம்புக்கு வந்த மீனும் தொட்டிக்குப் போன மீனும்

கப்பி மீனைத் தெரியாத ஆட்கள் இலங்கையில் குறைவு. ஜாம் போத்தலுக்குள்ள, சீமெந்துத் தொட்டிக்குள்ள, வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலுக்குள்ள எண்டு எல்லா இடமும் அது இருக்கு. எங்கட ஆட்களில் மீன் வளர்க்கிற கனபேர் தொடங்குவதே கப்பியில்தான். சோடியொன்றை வாங்கி விட்டால் சில மாதங்களில் எண்ண முடியாத அளவுக்குக் குஞ்சுகள். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதாலோ என்னவோ, அதற்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

கப்பியின் சொந்த இடம் வெனிசுவேலா, கயானா, ட்ரினிடாட் பக்கம். 1859இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் அதற்கு முதலாவது அறிவியல் பெயரைக் கொடுத்தார். பிறகு ட்ரினிடாட்டில் இருந்த லெக்மியர் கப்பி என்பவர் லண்டனில் இருந்த பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொஞ்சம் மீன் அனுப்ப, அங்கிருந்த ஆல்பர்ட் குந்தர் இது புது இனம் என்று நினைத்து 1866இல் கப்பியின் பெயரையே வைத்துவிட்டார். அறிவியல் விதிப்படி முதல் வைத்த பெயர்தான் செல்லும். சனத்தின் வாயில் நிலைத்தது ரெண்டாவது.

இதே குந்தர் 1868இல் இலங்கையிலிருந்து போன ஒரு சின்ன மீனுக்கும் பெயர் வைத்தார். இன்றைக்கு உலகம் அதைப் பிளாக் ரூபி பார்ப் என்று சொல்கிறது. சிங்களத்தில் அதன் பெயர் 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை சப்புகிறவன். இணைசேரும் காலத்தில் ஆண் மீனின் தலைப்பக்கம் செக்கச் செவேலென்று மாறும், வெற்றிலை போட்ட வாய் மாதிரி. குந்தர் லத்தீனில் வைத்த பெயருக்குக் 'கறுப்புப் பட்டை உள்ளது' என்றுதான் பொருள். போத்தலுக்குள் சாராயத்தில் ஊறிக் கிடக்கிற மீனில் பட்டை மட்டும்தான் தெரியும். சிவப்பைக் காண ஓடைக்கரையில் நிற்க வேண்டும்.

கப்பி இலங்கைக்கு வந்தது 1920களின் கடைசியில். யாரும் அழகுக்காகக் கொண்டுவரவில்லை, நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்றுதான் கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு அது பொருத்தமான மீன்தான். முட்டை போடாமல் நேரே குஞ்சு போடும். பெண் மீன் ஒருமுறை இணைசேர்ந்தால் ஆணின் விந்தைத் தன் உடம்புக்குள் மாதக்கணக்கில் வைத்திருந்து திரும்பத் திரும்பக் குஞ்சு போடும். அதனால் ஒரேயொரு பெண் மீன் போதும், ஒரு குளத்தை நிரப்ப.

ஆனால் 1934இல் கப்பியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் தண்ணீர் ஓடுகிற தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை எல்லாம் வற்றி, ஆற்றுப் படுக்கை முழுக்கச் சின்னச் சின்னக் குட்டைகள். மலேரியாவைக் காவுகிற அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு வெயில் படுகிற தெளிந்த குட்டைதான் பிடித்த இடம். ஆயிரக்கணக்கான குட்டைகளுக்கும் யார் மீன் விடுவது? வரண்ட வலயத்துச் சனத்துக்கு மலேரியாவோடு பழக்கம் இருந்தது. கேகாலை, குருநாகல் பக்கத்துச் சனத்துக்கு அந்தளவு எதிர்ப்புச் சக்தி இல்லை. வரட்சியால் வயலும் பொய்த்து வயிறும் காய்ந்திருந்தது. ஏழெட்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். நாட்டின் மொத்தச் சனத்தொகையே அப்போது 55 லட்சம் அளவில்தான்.

இந்தக் காலத்தைப் பற்றி எங்கட அரசியல் வரலாற்றுப் பாடங்களில் வருவது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் களனிப் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு போன கதை. கொய்னா மட்டும் கொடுத்துப் பிரயோசனமில்லை, சனத்துக்குச் சாப்பாடு இல்லை என்பதை அவர்கள் நேரே கண்டார்கள். பருப்புப் பங்கிட்டதால் என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பட்டமே விழுந்தது. 1935 மார்கழியில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியது. அடுத்த வருடம் பெரேரா ருவன்வெல்லையிலும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்று அரசாங்க சபைக்குப் போனார்கள். ரெண்டுமே காய்ச்சல் அடித்துப்போட்ட பக்கத்துத் தொகுதிகள்.

இதே பள்ளத்தாக்கிலிருந்து, ஏறத்தாழ இதே வருடங்களில், வேறொரு பயணமும் நடந்தது. அது எந்தப் பாடத்திலும் வருவதில்லை.

களனியிலிருந்து நில்வளா வரைக்கும் ஈரவலயத்து நிழல் ஓடைகளில் வாழ்கிற ஒரு சின்னச் சிவப்பு மீன் இருக்கிறது. சிங்களத்தில் 'லே தித்தயா'. லே என்றால் இரத்தம். 1929இல் பி. ஈ. பி. தெரணியகல அதை விபரித்தபோது அந்தத் தித்தயாவையே அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டார். (பலாங்கொடை மனிதனைப் பற்றி எழுதிய அதே தெரணியகலதான். அவரது பெயரிலுள்ள தெரணியகல என்ற ஊரும் கேகாலை மாவட்டத்தில்தான் இருக்கிறது.) அடுத்த வருடம் அவர் விபரித்த இன்னொரு மீனின் சிங்களப் பெயர் 'ஹல் மல் தண்டியா'. ஹல் மரத்துப் பூ உதிர்வது போலத் தெரியும் மீன். அதையும் அப்படியே லத்தீனாக்கி வட்டேரிபுளோரிஸ் என்று வைத்தார். குந்தர் லண்டனில் இருந்து செய்ததற்கும் தெரணியகல கொழும்பில் இருந்து செய்ததற்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பெயர்களில் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

லே தித்தயாவும் புலத் ஹபயாவும் 1930களின் நடுப்பகுதியில் ஐரோப்பாவின் கண்ணாடித் தொட்டிகளுக்குப் போயின. ஐரோப்பாவில் வீட்டில் மீன் வளர்ப்பது 1850களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் வெப்பநாட்டு மீன் என்றால் குளிர்காலத்தில் தண்ணீரைச் சூடாக வைத்திருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் விளக்கும் காஸ் அடுப்பும் வைத்த காலம் போய் மின்சார ஹீட்டர் வந்த பிறகுதான் சாதாரண வீடுகளிலும் அது கைகூடியது. ஆசியாவிலிருந்து சுயஸ் வழியாகப் போகிற கப்பல்கள் கொழும்பில் நிற்கும். தகர வாளிகளில் மீன் ஏறியது. பிளாஸ்டிக் பையும் ஒட்சிசனும் விமானமும் வந்தது உலகப் போருக்குப் பிறகு.

லே தித்தயா ஹம்பர்க்கில் இருந்தோ லண்டனில் இருந்தோ பார்த்தவர்களுக்கு 'செரி பார்ப்' ஆகிவிட்டது. இரத்தம் செரிப்பழமாக மாறியது.

தொட்டியில் இனம்பெருக்குவது பெரிய வித்தையில்லை. மென்மையான, இலேசாகப் புளித்தன்மையுள்ள தண்ணீர், பாசி மாதிரி நுண்ணிய இலையுள்ள செடிகள், மங்கல் வெளிச்சம். பெண் மீன் செடிகளுக்குள் முட்டையை விசிறும். உடனே தாய் தகப்பன் ரெண்டையும் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தங்கட முட்டையைத் தாங்களே தின்றுவிடுங்கள். ஓரிரு நாளில் பொரிக்கும். இந்தப் பக்குவம் ஒருமுறை பிடிபட்டதும் இலங்கையிலிருந்து மீன் வரவேண்டிய தேவையே குறைந்துபோனது. இன்று உலகச் சந்தையில் விற்கிற செரி பார்ப்களில் பெரும்பகுதி மற்ற நாட்டுப் பண்ணைகளில் பிறந்தவை. மெக்சிக்கோவிலும் கொலம்பியாவிலும் தொட்டிகளிலிருந்து தப்பி ஆறுகளில் குடியேறியும் விட்டன.

இதோடு ரப்பரின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் கியூ பூங்கா வழியாக 1876இல் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடவுக்கு வந்தன. பிறகு கேகாலை, களுத்துறைப் பக்கக் காடுகள் ரப்பர் தோட்டங்களாகின. நிழல் போனால் ஓடை சூடாகும், மழைக்கு மண் கரைந்து கூழாங்கல் மூடுப்படும். தென்னமெரிக்க மரமும் தென்னமெரிக்க மீனும் உள்ளே வர, ஈரவலயத்து மீன் வெளியே போய்த் தென்னமெரிக்க ஆற்றில் நீந்துகிறது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடவில் வயலுக்கும் ரப்பருக்கும் நடுவே ஓடுகிற ஒரு சின்ன ஓடையில் மட்டும் வாழ்ந்த பந்துல பெத்தியா 1991இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. தெரிந்த உடனேயே அலங்கார மீன் பிடிப்பவர்களின் கண்ணும் பட்டது. 1993ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாவர விலங்கினப் பாதுகாப்புப் பட்டியலில் உள்நாட்டு நன்னீர் மீன்கள் சிலவற்றைச் சேர்த்தது. நல்ல விசயம்தான். ஆனால் சட்டத்துக்கு ஓடையில் வலையோடு நிற்கிற கிராமத்துப் பொடியனைப் பிடிப்பது லேசு. கரையில் அடிக்கிற களைநாசினியைப் பிடிப்பது லேசில்லை. பிறகு அந்த மீனை இன்னொரு ஓடையிலும் விட்டு இரண்டாவது கூட்டமொன்றை உருவாக்கப் பாடுபட்டார்கள். அந்த மாதிரி வேலைக்குத் தேவைப்படுகிற அறிவில் பாதி மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் தட்டித் தடவிக் கற்றதுதான். அவர்களைத் திருடர்களாக மட்டும் பார்க்கிற எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை.

கப்பிக்குத் திரும்புவோம். 1940களில் டிடிடி வந்தது, 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா, மருந்தடிப்பைக் குறைத்ததும் 1960களின் கடைசியில் அது பெரிதாகத் திரும்பி வந்தது. கடைசியில் 2016 புரட்டாதியில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதே வருடம் மார்கழியில் மன்னாரில் ஒரு புது நுளம்பு அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி, இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்புகிற இனம். இதற்கு ஆற்றுக் குட்டை தேவையில்லை, கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். மன்னாரில் வீட்டுக்கு வீடு கிணறு.

உயிரியல்காரர்கள் கப்பியை அந்நிய இனம் என்பார்கள். எங்கட பேச்சில் சொன்னால் வந்தான் வரத்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஈரவலயத்து ஓடையில் கப்பியை விடக்கூடாது. ஆனால் யார் பூர்வீகம், யார் வந்தேறி என்ற சண்டையில் இவ்வளவு இரத்தம் சிந்திய நாட்டில் அந்தச் சொற்களை மீனுக்குப் பாவிக்கும்போதும் எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. மன்னார்க் கிணறு ஓடையில்லை. அங்கே தின்பதற்குக் குடம்பி இருக்கிறது, தொலைப்பதற்கு அரிய மீன் இல்லை. மலேரியாத் தடை இயக்கத்தின் ஆட்கள் பாவிக்காத கிணறுகளை மூடச்சொல்லி, பாவிக்கிற கிணறுகளுக்குள் கப்பியைத்தான் விட்டார்கள். குளோரின் போட்டால் மீன் செத்துவிடும். பிறகு திரும்பவும் கொண்டுவந்து விட வேண்டும்.