கார்புரேட்டருக்கு வைத்தியம் பார்த்த பீட்ரிஸ் ஷில்லிங்

காடு, மேடு, மணல் என்று எங்கும் ஓடும் ஏடிவி என்ற நான்கு சக்கர வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கார்புரேட்டர் வைத்த ஏடிவி சில சமயம் செங்குத்தான மேட்டில் ஏறும்போது திணறி நின்றுவிடும். அப்போது மெக்கானிக் பார்க்கும் இடங்களில் ஒன்று கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவை. இதே மிதவை 1940-ல் வானத்தில் விமானிகளின் உயிரோடு விளையாடியது. அதற்கு மருந்து கண்டவர் ஒரு பெண் பொறியாளர். அந்தக் கதைதான் இது.

முதலில் மிதவை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்க ஒரு சின்ன அறை உண்டு. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி ஊசி வால்வைத் திறக்கும். நிறைந்தால் ஏறி மூடிவிடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு இருக்கிறதே, அதே சங்கதிதான்! ஆனால் பெட்ரோல் எப்போதும் அறையின் அடியில் இருந்தால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்யும்.

இப்போது போருக்கு வருவோம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் இருந்தது. அதில் இருந்தது எஸ்.யூ. கார்புரேட்டர். எதிரியான ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109-இ விமானத்தில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை.

இந்த வித்தியாசம் சண்டையில் தெரிந்தது. துரத்தப்படும் ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பாய்வார். பின்னால் ஸ்பிட்ஃபயரும் அப்படியே பாய்ந்தால் அதன் எஞ்சின் அடங்கிவிடும்! எனவே பிரிட்டிஷ் விமானிகள் விமானத்தைப் பாதி புரட்டிப் போட்டு, பிறகு பாய வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி தப்பிவிடுவான். பின்னால் வருபவன் ஜெர்மானியனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஏன் இப்படி? ராட்டினம் கீழே இறங்கும்போது வயிறு மேலே எழும்புமே, அந்த உணர்வை நினைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் இருந்த பெட்ரோலும் அப்படியே மேலே எழும்பியது. ஒரு நொடி எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. இது முதல் இருமல். ஆனால் உண்மையான ஆபத்து அடுத்து வந்தது. பெட்ரோல் மேலே போனதால் மிதவை கீழே போய் ஊசி வால்வை முழுதாகத் திறந்துவிட்டது. பம்ப் தன் முழு வேகத்தில் பெட்ரோலைத் தள்ள, எஞ்சின் அதில் மூழ்கியது. அதாவது பட்டினியைவிட அஜீரணம்தான் பெரிய நோய்!

இதைச் சரியாகப் பிடித்தவர் பீட்ரிஸ் ஷில்லிங். 1909-ல் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். 1936-ல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அவர் கார்புரேட்டரை மாற்றச் சொல்லவில்லை. பெட்ரோல் குழாயில் நடுவே ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்தார். எஞ்சின் முழு சக்தியில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அந்த ஓட்டை வழியே அவ்வளவுதான் போகும். வால்வு முழுதாகத் திறந்தாலும் எஞ்சின் மூழ்காது. விமானத்தைப் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, விமானதளத்திலேயே மாட்டிவிடலாம். 1941 தொடக்கத்தில் அவரே ஒரு சிறு குழுவோடு விமானதளம் விமானதளமாகப் போய் மாட்டிக் கொடுத்தார்.

விமானிகள் அதற்கு 'மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை' என்று குறும்பாகப் பெயர் வைத்தார்கள். அவருக்கோ 1938-லேயே திருமணம் ஆகிவிட்டது!

இது முழுமையான தீர்வு அல்ல. தலைகீழாக நீண்ட நேரம் பறக்க இது உதவாது. மிதவையே இல்லாத கார்புரேட்டர்கள் பின்னால் வந்தன. ஆனால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது புது வடிவமைப்புக்காகக் காத்திருக்க முடியுமா? நோய் பட்டினியா, அஜீரணமா என்று ஒருவர் சரியாகப் பிரித்துப் பார்த்ததால், கட்டைவிரலைவிடப் பெரிதில்லாத ஒரு துண்டு போதுமானதாக இருந்தது. போர் வரலாற்றில் தளபதிகளின் பெயர்களைப் படிக்கிறோம். இந்தப் பெயரையும் சேர்த்துப் படிக்கலாம்தானே நண்பர்களே?