ஒரு தலைக்கு எட்டு ஷில்லிங்

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடலோர ஊர். கோல்ஃப் ஆடுபவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பல வருஷம் முன்னால் ஆன்சைட் போயிருந்தபோது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, யாரோ நம்மூர்க்காரர் ஆரம்பித்தது போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு தேடிப் பார்த்ததில் கதை வேறு எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. கையில் காசில்லாமல் பள்ளி நடத்துவது எப்படி, ஆசிரியர் ஒழுங்காகச் சொல்லித்தருகிறாரா என்று கண்டுபிடிப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளோடு ஒரு அரசாங்கம் பட்ட பாடு அது.

முதலில் எழும்பூர். 1789ல் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மேற்பார்வையாளர் ஆனார். ஊரில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். காகிதச் செலவு இல்லை, சிலேட்டுச் செலவு இல்லை. தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் இதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்றுவிட்டார். பெல் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான்.

பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை பார்த்த வேலைதான். ஆனால் பெல் 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டதும் ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் வாங்கிவிட்டது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே மாதிரி ஒன்றை நடத்திக்கொண்டு, ஒரே வாத்தியாரை வைத்து ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்று கிளம்பினார். சம்பளம் ஒருத்தருக்கு, பிள்ளைகள் ஆயிரம் பேர்! எந்த நிதித்துறைக்குத்தான் கசக்கும்?

கணக்கில் விட்டுப்போனது சட்டாம்பிள்ளை. நேற்றுக் கற்றதை இன்று ஒப்பிப்பதைத் தாண்டி அவனுக்கு எதுவும் தெரியாது, தெரியவைக்க யாரும் இல்லை. கொஞ்சம் வளர்ந்தால் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விடுவான்.

இந்த ஓட்டையைச் சரியாகப் பிடித்தவர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த். கல்விக் குழுவின் செயலாளர், தொழிலால் டாக்டர். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் ஹீரோ இவர்தான். நார்ஃபோக் பக்கம் ஏழையர் விடுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் படுத்த படுக்கையானபோது, ஒரு பையன் எழுந்து வகுப்பை நடத்தினான் என்று அவருக்குத் தெரியவந்தது. ஃபிரிஸ்கன் கதையேதான். ஆனால் பெல் அந்தப் பையனை வைத்துச் செலவைக் குறைத்தார். இவரோ அந்தப் பையனை எப்படி ஆசிரியராக்குவது என்று யோசித்தார்.

1846ல் வந்த திட்டத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும். 13 வயதில் ஒரு பிள்ளையை ‘மாணவ ஆசிரியர்’ என்று ஐந்து வருஷம் எடுத்துக்கொள்வார்கள். 25 பிள்ளைகளுக்கு ஒருவர். முதல் வருஷம் 10 பவுண்டு, ஏறி ஏறி ஐந்தாம் வருஷம் 20 பவுண்டு, அரசாங்கமே கொடுக்கும். தலைமை ஆசிரியர் தினமும் ஒன்றரை மணி நேரம் அவருக்குத் தனியாகப் பாடம் நடத்தவேண்டும். சும்மா இல்லை: ஒருவரைப் பயிற்றுவித்தால் வருஷத்துக்கு 5 பவுண்டு, இருவர் என்றால் 9, அதற்கு மேல் ஆளுக்கு 3. ஆண்டுக்கொருமுறை இன்ஸ்பெக்டர் வந்து மாணவ ஆசிரியரைச் சோதிப்பார். அதில் தேறினால்தான் இருவருக்கும் பணம். முடிவில் நன்றாகச் செய்தவர்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் உதவித்தொகை.

இதுவும் பரீட்சையை வைத்துப் பணம் கொடுக்கிற திட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் பரீட்சை வளர்ந்துவரும் ஆசிரியருக்கு. இன்னொரு ஆளைத் தயார்ப்படுத்துவது ஒரு வாத்தியாரின் சம்பளத்திலேயே ஒரு வரியாக ஏறியிருந்தது. நான் இருபது வருஷத்துக்கு மேல் ஐடியில் இருக்கிறேன். ஜூனியருக்குச் சொல்லிக்கொடு என்று எல்லா மேனேஜரும் சொல்வார்கள். அப்ரைசலில் அதற்கென்று ஒரு ரூபாய் ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை.

திட்டம் பலித்தது, அதனாலேயே செலவும் ஏறியது. 1861 வாக்கில் கல்வி மானியம் வருஷத்துக்கு 8 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. கிரிமியப் போரில் கஜானா ஏற்கெனவே இளைத்திருந்தது. நியூகாசில் பிரபு தலைமையில் ஒரு ஆணையம் உட்கார்ந்து, வாத்தியார்கள் பெரிய வகுப்பையே கவனிக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரியாமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்றது. அது பொய்யான குற்றச்சாட்டு இல்லை. அடுத்து ராபர்ட் லோ வந்தார். பின்னாளில் நிதியமைச்சர் ஆனவர். திட்டம் மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

1862ன் திருத்திய விதிகள் இப்படி: சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். ஆறு வயதுக்கு மேல், 200 முறைக்குக் குறையாமல் வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 8 ஷில்லிங். ஆனால் இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் அந்தப் பிள்ளை தேறவேண்டும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. வரலாறு, பூகோளத்துக்குக் காலணா கிடையாது. மாணவ ஆசிரியருக்கு நேரடியாகப் போன பணம் நிறுத்தப்பட்டது. பள்ளி நிர்வாகம் தன் மானியத்திலிருந்து பார்த்துக் கொடுக்கட்டும் என்றார்கள்.

மானியம் 1865ல் ஆறரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. லோவுக்கு வெற்றி. பள்ளிகளில் நடந்தது வேறு. வாசிப்புச் சோதனை வகுப்பில் வருஷம் முழுக்க வைத்திருந்த புத்தகத்திலிருந்துதான் வரும் என்பதால் புத்தகத்தையே மனப்பாடம் செய்யவைத்தார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையையும் பரீட்சை நாளில் கூட்டிவந்தார்கள், 8 ஷில்லிங் ஆயிற்றே. கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். பிள்ளைகளுக்கு உண்மையில் வாசிக்கத் தெரியாமலே வாசிப்பில் தேறவைக்க முடியும் என்று தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். தன் மேலதிகாரியின் திட்டத்தைத்தான் இப்படி எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய சேதமாகப் படுவது மனப்பாடம் இல்லை. மாணவ ஆசிரியர்களின் எண்ணிக்கை நாலைந்து வருஷத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. தினம் ஒன்றரை மணி நேரப் பாடம் வாரத்துக்கு ஐந்து மணி என்றானது. 25 பிள்ளைக்கு ஒருவர் என்பது 40க்கு ஒருவர் ஆனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நீங்கள் இன்று பாடம் சொல்லித்தந்தால், அதன் பலன் பத்து வருஷம் கழித்து வேறு ஏதோ ஊரில், யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு. இந்த ஜூன் மாத இன்ஸ்பெக்ஷனில் அதற்கு எத்தனை ஷில்லிங்? பூஜ்யம். அளக்கிற கருவிக்குள் வராத செலவுதான் முதலில் வெட்டப்படும். பட்ஜெட் இறுகிய எந்த புராஜெக்டிலும் டிரெயினிங் வரிதான் முதலில் காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மெட்ராஸிலிருந்து போன சரக்கு மெட்ராஸுக்கே திரும்பியும் வந்தது. 1860களில் சென்னை மாகாணத்திலும் பரீட்சை முடிவைப் பார்த்து மானியம் என்ற முறை வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் இந்த வலைக்குள் சேர்க்கப்பட்டார்கள். ஊரார் தரும் நெல்லையும் கட்டணத்தையும் நம்பி வாழ்ந்தவருக்கு நாலு காசு கிடைத்தது நல்லதுதான், மறுக்கமுடியாது. 1882ன் ஹண்டர் ஆணையமும் ஆரம்பப் பள்ளிகளுக்கு இதுவே தொடரட்டும் என்றது. இங்கிலாந்தில் 1890களில் கைவிட்டார்கள். இந்தியாவில் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் 1904ல்தான் இதற்கு எதிராகப் பேசியது. தாய்நாட்டில் தோற்றுப்போன சாஃப்ட்வேர் வெர்ஷன் கிளை அலுவலகத்தில் இன்னும் பத்து வருஷம் ஓடும், அது போல.

என் அம்மா கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். இன்ஸ்பெக்ஷன் நாளில் சுமாரான பிள்ளைகளைப் பின் பெஞ்சுக்கு அனுப்புவார்கள், ஒன்றிரண்டு பேரை “நாளைக்கு லீவு எடுத்துக்கடா” என்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு ராபர்ட் லோவைத் தெரியாது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்படிச் சொன்னதுல ஒருத்தன் அப்புறம் வரவே இல்லைடா” என்பார்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 1862 விதிகளில் ஒவ்வொரு பள்ளியும் லாக் புத்தகம் வைத்திருக்கவேண்டும் என்றும் இருந்தது. தலைமை ஆசிரியர் அதில் எழுதிவரவேண்டும். யார் வரவில்லை, எந்த வகுப்பில் என்ன நடந்தது, மழையா அம்மையா, எல்லாம். அந்தக் காலப் பள்ளிகளைப் பற்றி நமக்குத் தெரிவதில் பாதி இந்தப் புத்தகங்களிலிருந்துதான். லாக் பார்த்தே பிழைப்பு நடத்துகிற எனக்கு அதைப் படித்ததும் ரொம்பச் சந்தோஷம். அடுத்த விதியைப் படிக்கும்வரை. பொதுவான அபிப்பிராயமோ சிந்தனையோ எதையும் அந்தப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்கிறது அது.