பாம்பன் கூண்டும் நிறுத்தும் அதிகாரமும்

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை விளக்குப் பலகையால் எல்லோர் கண்ணுக்கும் காட்டும் முறை என்றதும் ஜப்பானின் டொயோட்டாவைத்தான் நினைக்கிறோம். அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த முறை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் மரபு அதற்கும் மூத்தது. 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. பின்னர் அது மற்றத் துறைமுகங்களுக்கும் பரவி, 1 முதல் 11 வரையிலான எண்களாக நிலைபெற்றது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும். இவற்றில் அசலான யோசனை 11ஆம் எண்தான். வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து உண்டென உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வராததையும் செய்தியாக்கிக் கம்பத்தில் ஏற்றிவிட்டார்கள்!

எண்கள் பாமரருக்குப் புரியாதவை, பிறகென்ன கண்ணுக்குத் தெரியும் நிர்வாகம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 8ஐவிட 10 கொடியது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மீதோ மிக அருகிலோ கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. கப்பல் தலைவனுக்காக வகுத்த குறியீட்டை நாளிதழ்கள் தீவிரத்தின் அளவுகோலாக்கிவிட்டன. ஆனால் ராமேசுவரத்து மீனவர் இந்த நுணுக்கத்தை அறிந்தாக வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை டோக்கன் தராது. டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. குறியீட்டுக்குக் கை முளைப்பது இந்த இடத்தில்தான்.

கைப்பேசியிலேயே எச்சரிக்கை வரும் காலத்தில் கூண்டு வெறும் சடங்கு என்பது இன்னொரு வாதம். செய்தி சேர்வதை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் டொயோட்டாவிலும் விளக்கு எரிவதோடு காரியம் முடியவில்லை. தொழிலாளி கயிற்றை இழுத்து, கோளாறு உடனே தீராவிட்டால், உற்பத்தி வரிசையே நிற்கும். ராமேசுவரம் தீவை நிலப்பரப்போடு இணைத்த பழைய பாம்பன் ரயில் பாலத்திலும் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால், காற்றுமானியோடு இணைந்த சிக்னல் தானே சிவப்பாகிவந்தது. ரயிலை விடலாமா என்று எவரும் யோசித்துக்கொண்டிருக்க இடமிருக்கவில்லை. ஆனால் நிறுத்தும் அதிகாரம் அது இருக்கும் இடத்தை மட்டுமே காக்கும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் கொண்டுபோன பயணிகள் ரயில், பாம்பன் நிலையத்திலிருந்து, அதாவது தீவுக்குள்ளிருந்தே, கிளம்பியது. பாலத்தில் எவ்வளவு கடுமையான கட்டுப்பாடு இருந்திருந்தாலும் அந்த ரயிலைத் தடுத்திருக்காது.