உறுப்பினர் சங்கமும் ஆய்வுகூடமும்: கல்கத்தா தரும் வரலாற்றுப் பாடம்

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடிப்பு நிகழ்ந்த கூடத்தைக் கட்டியோர் யாவர், அதனைப் பேணிய பொருள் எங்கிருந்து வந்தது, அதனுட் புகும் உரிமை எவருக்கு இருந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. கல்கத்தாவில் 1876 இல் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் வரலாறு இவ்வினாக்களின் முக்கியத்துவத்தை நன்கு புலப்படுத்துகின்றது.

இச்சங்கத்தின் மூலவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். இந்தியர் தாமே விஞ்ஞானத்தைப் பயின்று வளர்த்தற்குரிய தேசிய நிறுவனம் ஒன்று வேண்டும் என 1869 இல் அவர் எழுதினார். அக்காலத்தில் அரசாங்க ஆய்வுப் பணிகளின் உயர்பதவிகள் ஐரோப்பியரிடமே இருந்தன. கல்லூரிகளோ பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்வதோடு அமைந்தன. எனவே அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்படாது, நன்கொடையாலும் உறுப்பினர் சந்தாவாலும் இயங்கும் சங்கமொன்றே தக்கதென அவர் கருதினார். உடனடிப் பயன்தரும் தொழினுட்பக் கல்வியே நாட்டுக்குத் தேவை என இந்தியன் லீக் அமைப்பினர் வாதிட்டபோதும், அடிப்படை விஞ்ஞானமே முதலில் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். சேவியர் கல்லூரியின் பௌதிகவியல் ஆசிரியரான லஃபோன் அடிகளார் அவருக்குத் துணைநின்றார்.

பௌபசார் வீதி 210 ஆம் இலக்க இல்லத்தில் சங்கம் இயங்கியது. விரிவுரைகள் ஒழுங்காக நடைபெற்றன. விஜயநகர மகாராஜாவின் கொடையால் ஆய்வுகூடமும் எழுந்தது. எனினும், விரிவுரை கேட்க வந்தோர் பலராயினும், ஆய்வில் வாழ்நாளைச் செலவிட முன்வந்தோர் மிகச் சிலரே. கருவிகள் இருந்தன; அவற்றைக் கையாளுவோர் இல்லை. ஆய்வாளருக்கு ஊதியம் வழங்கப் போதிய நிதி சேராமை இதற்கு முக்கிய காரணம். சர்க்கார் 1904 இல் மறைந்தபோது இக்குறை அவர் உள்ளத்தை வருத்திக்கொண்டே இருந்தது.

இந்நிலை மாறிய விதம் மனங்கொள்ளத்தக்கது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1907 இல் நிதித் திணைக்களத்தில் உதவிக் கணக்காளர் நாயகமாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 18. டிராம் வண்டியிற் செல்கையில் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார். சர்க்காரின் மைந்தரும் செயலாளருமான அமிர்தலால் அவரை மகிழ்வுடன் வரவேற்றார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத ஓர் உத்தியோகத்தருக்கு, காரியாலய நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுகூடம் திறந்துவிடப்பட்டது. உதவியாளர் ஆசுதோஷ் டே கருவிகளை அமைப்பதில் அவருக்குத் துணைநின்றார். வேறெந்த நிறுவனமும் அக்காலத்தில் இவ்வாறு ஒருவரை ஏற்றிருக்கும் எனக் கூறுதல் அரிது. முகாமையின் இந்நெகிழ்ச்சியே சங்கத்தின் பெரும் பலம் எனலாம்.

இராமன் 1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1919 இல் சங்கத்தின் செயலாளருமானார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும், சிறப்பாகத் தென்னாட்டிலிருந்தும், மாணவர் வந்து குழுமினர். 1928 பெப்ரவரி 28 ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், ஒளிச்சிதறலிற் புதிய விளைவொன்றை இராமன் கண்டார். சூரிய ஒளி, தொலைநோக்கி வில்லை, நிற வடிகட்டிகள், சிறிய நிறமாலைகாட்டி என்பனவே ஆய்வின் தொடக்கக் கருவிகள். 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கார் கண்ட கனவு அரை நூற்றாண்டின் பின் நனவாயிற்று.

ஆயின் உறுப்பினரால் ஆளப்படும் நிறுவனத்துக்கு இயல்பாகவுள்ள இடரும் விரைவில் வெளிப்பட்டது. 1933 இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் பணிப்பாளராகச் சென்றார். சங்கத்தின் கட்டுப்பாடு எவரிடம் இருத்தல் வேண்டும், உறுப்புரிமை எவ்வளவு விரிதல் வேண்டும் என்பன பற்றிய பிணக்கு முற்றியது. வங்காளத்தவரின் பொருளாலும் உழைப்பாலும் எழுந்த நிறுவனம் வெளிமாகாணத்தவர் வசமாயிற்று என்னும் மனக்குறையும் அதனுட் கலந்திருந்தது. 1934 இல் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் இராமன் தரப்பு தோற்றது. அவர் சங்கத்தினின்றும் விலகினார். அன்று அவரை ஏற்ற அதே உறுப்பினர் அமைப்பே இன்று அவரை நீக்கியது.

இதனை வங்காளத்தவருக்கும் தென்னாட்டவருக்கும் இடையிலான பகையாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. பொருள் கொடுத்தோரின் உரிமை ஒருபுறம், ஆய்வில் உழைத்தோரின் உரிமை மறுபுறம், இரண்டும் நியாயமானவையே. இரண்டையும் இணைக்கும் யாப்பு தெளிவாக அமையாதவிடத்து, வாக்குத்தொகையே தீர்ப்பாகிவிடுகின்றது. கொடையாளரின்றி அக்கூடம் எழுந்திராது. ஆயினும் உழைப்பாளி வரும்வரை அது முப்பது ஆண்டுகள் வெறுங்கூடமாகவே கிடந்தது. பொது ஆய்வுகூடம் ஒன்றை அமைக்க முனைவோர் கருவிப் பட்டியலை வரையுமுன், அதனைத் திறக்கும் உரிமை எவருக்கு, அதனை ஆளும் உரிமை எவருக்கு என்பதைத் தனித்தனியே வரையறுத்தல் வேண்டும் என்பதே கல்கத்தா தரும் பாடமாகும்.