தெரிவும் தகுதியும்
நியூசிலாந்து, தென்னாபிரிக்க றக்பி அணிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் சமூக வரலாற்றை ஆராயப் புகுவோர் சட்டங்களையும் அரசாங்க அறிக்கைகளையும் பத்திரிகைகளையும் சான்றாகக் கொள்வது வழக்கம். தேசிய விளையாட்டு அணிக்குத் தெரிவுசெய்யப்பட்டோரின் பெயர்ப்பட்டியலைச் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலரே. ஆயினும், 'இந்நாட்டின் பெயரால் களத்தில் இறங்கத்தக்கவர் யாவர்?' என்னும் வினாவுக்கு ஊரறிய விடை கூறும் ஆவணங்களுள் அப்பட்டியலும் ஒன்றாகும். நம் நாட்டில் றகர் எனவும் வழங்கும் றக்பி விளையாட்டில் இவ்வுண்மை தெளிவாகப் புலனாகின்றது. நியூசிலாந்திலும் தென்னாபிரிக்காவிலும் அது வெறும் பொழுதுபோக்கன்று. தேசிய அடையாளத்தோடு பின்னிப் பிணைந்த ஒன்று. இவ்விரு நாடுகளிலும் வீரரும் பயிற்றுநரும் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டனர் என்பதையும், 'தகுதி' என்ற சொல் எவ்வேளைகளில் உரத்துப் பேசப்பட்டது, எவ்வேளைகளில் மௌனமாக மறைக்கப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருந்தினர் மரியாதை என்னும் போர்வை

நியூசிலாந்தின் பூர்வ குடிகளாகிய மாவோரி மக்கள் றக்பி ஆடுவதை அந்நாட்டின் எச்சட்டமும் தடைசெய்ததில்லை. 1888-89ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவுக்குச் சென்ற முதலாவது நியூசிலாந்து அணி பெரும்பாலும் மாவோரி வீரரையே கொண்டிருந்தது. 1893இல் நியூசிலாந்துச் சபையின் முதலாவது அதிகாரபூர்வ அணிக்குத் தலைமை தாங்கிய தோமஸ் எலிசனும் மாவோரி இனத்தவரே. இன்று உலகம் அறிந்த அக்கறுப்புச் சீருடையை முன்மொழிந்தவரும் அவரே. இத்தகைய ஆரம்பத்தைக் கொண்ட அணி, தென்னாபிரிக்காவுக்குப் புறப்படும்போது மட்டும் தன் வீரருள் ஒரு பகுதியினரை வீட்டில் விட்டுச் செல்லும் வழக்கத்தை மேற்கொண்டமைதான் வியப்புக்குரியது.

இவ்வழக்கத்தின் தோற்றத்தை 1919இல் காண்கிறோம். முதலாம் உலகப் போர் முடிந்தபின் நாடு திரும்பும் வழியில் நியூசிலாந்து இராணுவ அணி தென்னாபிரிக்காவில் ஆடியது. மேற்கிந்தியத் தந்தைக்குப் பிறந்த 'ரஞ்சி' வில்சன் என்னும் சிறந்த வீரர் அப்பயணத்தில் ஆட அனுமதிக்கப்படவில்லை. 1928இல் இதே நிலை ஜோர்ஜ் நேப்பியாவுக்கு ஏற்பட்டது. 1924-25இல் ஐரோப்பாவுக்குச் சென்று ஒரு போட்டியிலேனும் தோல்வியுறாது மீண்ட அணியில், பத்தொன்பது வயதில், எல்லாப் போட்டிகளிலும் களத்தின் கடைக்கோடிக் காவலராக நின்றவர் அவர். அவருடைய ஆற்றலைப் பற்றி எவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஆற்றலைப் பற்றிய வினாவே அங்கு எழுப்பப்படவில்லை என்பதே மனங்கொள்ளத்தக்கது.

1949ஆம் ஆண்டுப் பயணம் இவ்வகையில் விரிவாக நோக்கத்தக்கது. ஜோனி சிமித், பென் கவுச், வின்ஸ் பெவன் முதலிய வீரர் மாவோரி வழியினர் என்ற காரணத்தால் விலக்கப்பட்டனர். பயிற்றுநர் தெரிவும் ஐயத்துக்குரியதாகவே அமைந்தது. ஒற்றாகோ மாகாண அணியை நாட்டின் முதன்மை அணியாக்கிய விக் கவனா புறக்கணிக்கப்பட்டு, 1905ஆம் ஆண்டு அணியில் ஆடிய முதியவராகிய அலெக்ஸ் மக்டொனால்ட் அனுப்பப்பட்டார். எதிர்த் தரப்பில், அவ்வாண்டிலேயே பயிற்றுநர் பொறுப்பை ஏற்ற டனி கிரேவன் நின்றார். முதற் போட்டியில் ஓக்கி கெபின் ஐந்து தண்டனை உதைகளைப் புள்ளிகளாக்கித் தென்னாபிரிக்காவுக்கு 15-11 என்ற வெற்றியைத் தேடித்தந்தார். நான்கு போட்டிகளிலும் நியூசிலாந்து தோற்றது.

அவ்வாண்டு செப்ரெம்பர் 3ஆம் திகதி நிகழ்ந்தது இவ்வரலாற்றின் உச்சம் எனலாம். அன்று நியூசிலாந்தின் பெயரால் இரண்டு அணிகள் இரு வேறு கண்டங்களில் ஆடின. ஒன்று டேர்பனில் தென்னாபிரிக்காவிடம் 9-3 எனத் தோற்றது. மற்றையது, விலக்கப்பட்ட மாவோரி வீரரையும் கொண்டதாய், ஜோனி சிமித்தின் தலைமையில், வெலிங்ரனில் அவுஸ்திரேலியாவிடம் 11-6 எனத் தோற்றது. ஒரே நாளில் ஒரு நாடு இரு முறை தோற்ற இந்நிகழ்வைத் தற்செயல் எனத் தள்ளிவிட முடியாது. தன் வீரரை இரு கூறாக்கிய நாடு இரு களங்களிலும் வலுவிழந்து நின்றது.

இவ்விலக்கலுக்குக் கூறப்பட்ட நியாயம் யாது? விருந்துக்குச் செல்வோர் விருந்தளிப்போரின் வழக்கத்தை மதித்தல் வேண்டும் என்பதே. மாவோரி வீரரை அவமதிப்பிலிருந்து காக்கவே அவர்களை அழைத்துச் செல்லவில்லை என்றும் கூறப்பட்டது. காக்கப்படுவோரின் விருப்பத்தைக் கேளாமலே வழங்கப்பட்ட காவல் அது. 1960இல் மாவோரி இன்றேல் பயணமும் இல்லை என்ற கோரிக்கையோடு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஷார்ப்வில்லில் 69 பேர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையாகினர். எனினும் பயணம் நடைபெற்றது. 1965இல் தென்னாபிரிக்கப் பிரதமர் வெர்வூர்ட் மாவோரி வீரரை ஏற்கப்போவதில்லை என மீண்டும் உணர்த்தியபோதுதான் நிலைமை மாறியது. 1967ஆம் ஆண்டுப் பயணம் கைவிடப்பட்டு, அணி ஐரோப்பாவுக்குச் சென்றது. அவ்வணியின் பயிற்றுநர் பிரெட் அலன். 1949இல் தோற்ற அணியின் தலைவரும் அவரே. அவர் பயிற்றுவித்த காலத்தில் நியூசிலாந்து ஆடிய 14 சர்வதேசப் போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்கவில்லை.

1970இல் சிட் கோயிங், பிறயன் வில்லியம்ஸ் உள்ளிட்ட மாவோரி, சமோவ வீரர் தென்னாபிரிக்காவுக்குச் சென்றனர். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'கௌரவ வெள்ளையர்' என்பது. கதவு திறக்கப்பட்டது, ஆனால், உள்ளே நுழைவதற்கு ஒருவன் தான் அல்லாத ஒன்றாகத் தன்னைக் கருத இடமளிக்க வேண்டியிருந்தது.

சட்டம் வகுத்த எல்லை

தென்னாபிரிக்காவிலோ இத்தகைய போர்வை எதுவும் தேவைப்படவில்லை. வெள்ளையரின் றக்பிச் சபை 1889இலும் கலப்பினத்தவரின் சபை 1897இலும் தோன்றின. கிழக்குக் கேப் பகுதியின் மிஷன் பாடசாலைகள் வாயிலாகக் கறுப்பின மக்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்விளையாட்டைத் தமதாக்கிக் கொண்டனர். எனவே, கறுப்பருக்கு றக்பி அந்நியமானது என்ற கூற்று வரலாற்றுக்கு முரணானது. அவர்கள் ஆடினர், ஆனால் தெரிவுக்குழுவின் கண்கள் அம்மைதானங்களின் பக்கம் திரும்பவில்லை. 1948க்குப் பின் இன ஒதுக்கல் அரச கொள்கையாகியதும் முன்னைய வழக்கம் மேலும் இறுகியது. அரங்குகளின் ஒதுக்கப்பட்ட மூலைகளில் இருந்து பார்த்த வெள்ளையரல்லாத மக்கள் பலர் எதிரணிக்கே ஆரவாரம் செய்தனர். தம்மைச் சேர்க்காத அணியைத் தமதென்று கொள்ள அவர்களால் எவ்வாறு இயலும்?

இதன் விளைவு உலக அரங்கிலும் எதிரொலித்தது. 1976இல், சொவெற்றோ எழுச்சி நிகழ்ந்த மாதத்தில், நியூசிலாந்து அணி தென்னாபிரிக்கப் பயணத்தைத் தொடங்கியது. அதனை எதிர்த்து இருபதுக்கும் மேற்பட்ட ஆபிரிக்க நாடுகள் மொன்றியல் ஒலிம்பிக் விழாவைப் பகிஷ்கரித்தன. 1981இல் தென்னாபிரிக்க அணி நியூசிலாந்துக்குச் சென்றபோது அந்நாடே இரண்டுபட்டது. ஹமில்ரனில் ஆர்ப்பாட்டக்காரர் மைதானத்தினுள் புகுந்தமையால் போட்டி கைவிடப்பட்டது. ஓக்லாந்தில் விமானமொன்றிலிருந்து மாவுப் பொதிகள் களத்தின் மீது வீசப்பட்டன. நியூசிலாந்து அணித் தலைவர் கிரகம் மூறி அத்தொடரில் ஆட மறுத்தார். தெரிவு என்பது தெரிவுக்குழுவின் உரிமை மட்டுமன்று, வீரனும் தன் மனச்சாட்சிப்படி தெரிவு செய்யலாம் என்பதற்கு அவர் சான்றானார்.

1981ஆம் ஆண்டு அணியில் எரோல் ரொபையஸ் என்னும் கலப்பினத்தவர் இடம்பெற்றார். தென்னாபிரிக்கத் தேசிய அணியில் ஆடிய முதலாவது வெள்ளையரல்லாதவர் அவர். அவருடைய சேர்க்கை வெளியுலகைச் சமாதானப்படுத்தும் கண்துடைப்பு என ஒரு சாராரும், வெள்ளையரின் இடத்தைப் பறித்தது என மறுசாராரும் குறைகூறினர். இன ஒதுக்கல் நிலவும் சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்ற நிலைப்பாட்டைக் கொண்ட இனபேதமற்ற விளையாட்டு அமைப்புகள் அவரை ஏற்கவில்லை. அவர் ஆறு சர்வதேசப் போட்டிகளில் ஆடினார். ஆறிலும் அணி வென்றது. ஆயினும், அவரை ஒரு வீரராக மட்டும் நோக்க எத்தரப்பும் ஆயத்தமாக இருக்கவில்லை. தனியொருவனைச் சேர்ப்பதால் அநீதி தீர்வதில்லை. அதன் சுமை முழுவதும் அவன் தோளில் ஏறுகின்றது.

பயிற்றுநரும் சபையும்

1992இல் பிரிந்திருந்த சபைகள் ஒன்றிணைந்தன. 1995 உலகக் கிண்ணத்தைத் தென்னாபிரிக்கா வென்றதும், ஜனாதிபதி நெல்சன் மண்டேலா அணியின் பச்சைச் சீருடை அணிந்து கிண்ணத்தைப் பிரான்சுவா பியனாரிடம் கையளித்ததும் யாவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. அவ்வணியில் இடம்பெற்ற ஒரே வெள்ளையரல்லாதவரான செஸ்ரர் வில்லியம்ஸ் காயம் காரணமாக முதலில் விலக நேர்ந்தது. கனடாவுடனான போட்டியில் மூண்ட கைகலப்பின் பின் இன்னொரு வீரர் தடைசெய்யப்பட்டமையாலேயே அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். மேற்குச் சமோவாவுடனான காலிறுதியில் அவர் நான்கு 'ட்றை'களைப் பெற்றார். அத்தற்செயல் நேர்ந்திராவிடின், 'ஒரே அணி, ஒரே நாடு' என முழங்கிய அந்த வெற்றியில் முழுவதும் வெள்ளையரே இடம்பெற்றிருப்பர்.

வெற்றி தந்த களிப்பில் இவ்வுண்மை மறைந்தது. ஆனால் மறையவே இல்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2007இல் பயிற்றுநர் ஜேக் வைற் தெரிவுசெய்த குழுவில், அவர் விரும்பாத லூக் வற்சன் என்பவரைச் சபைத் தலைவர் சேர்த்தார். வற்சன் வெள்ளையர், அவருடைய தந்தையோ 1976இல் வெள்ளையர் றக்பியை விட்டுக் கறுப்பருடன் ஆடச் சென்றவர். அவ்வாண்டு உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், வற்சன் இடம்பெறாத வைற்றின் அணி இங்கிலாந்தை 15-6 என வென்றது. களமிறங்கிய பதினைவருள் வெள்ளையரல்லாதோர் இருவரே. 2008இல் பீற்றர் டி வில்லியர்ஸ் முதலாவது வெள்ளையரல்லாத பயிற்றுநராக நியமிக்கப்பட்டபோது, றக்பிக் காரணங்கள் மட்டும் கருத்திற் கொள்ளப்படவில்லை எனச் சபைத் தலைவரே வெளிப்படையாகக் கூறினார். நேர்மையான அக்கூற்று, நியமனம் பெற்றவரின் முதல் நாளையே ஐயத்தால் மாசுபடுத்தியது.

இக்கட்டத்திலேதான் 'தகுதிக்கே இடம்' என்ற குரல் வலுவாக எழுந்தது. அக்குரலில் நியாயம் அறவே இல்லை எனக் கூறவியலாது. பயிற்றுநரின் தோல்விக்குப் பயிற்றுநரே பொறுப்பாளியாயின் தெரிவிலும் அவருக்கு உரிமை வேண்டும். எனினும், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மக்களுள் பெரும்பான்மையோரின் தகுதி அளந்து பார்க்கப்படவே இல்லை. அளவுகோலை மறைத்து வைத்திருந்தோர், அது பிறர் கைக்குச் சென்றவுடன் அதன் புனிதத்தைப் பேசத் தொடங்கினர் என்பதே வரலாறு தரும் காட்சியாகும்.

எண்ணிக்கையும் வாயிலும்

மறுபுறம், எண்ணிக்கை மட்டும் வீரரை உருவாக்கிவிடாது. 2016இல் மாற்றத்தின் வேகம் போதாதெனக் கூறி, சர்வதேசப் போட்டிகளை நடத்தக் கோரும் உரிமையை விளையாட்டமைச்சர் றக்பி உள்ளிட்ட சில சபைகளிடமிருந்து பறித்தார். தெரிவுக்குழுவின் மேசைக்கு வரும் பெயர்கள் அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே பாடசாலை மைதானங்களில் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. புல்தரையும் போசாக்கும் பயிற்றுநரும் உள்ள பாடசாலை எது, அதில் அனுமதி பெறுபவர் யார் என்பனவே உண்மையான தெரிவுகள்.

2018இல் றசி எரஸ்மஸ் சியா கொலீசியை அணித் தலைவராக்கினார். தென்னாபிரிக்காவின் சர்வதேசப் போட்டியொன்றில் தலைமை தாங்கிய முதலாவது கறுப்பினத்தவர் அவர். போர்ட் எலிசபெத்தின் ஸ்விடே குடியிருப்பில் வறுமையில் பிறந்த அவருக்குப் பன்னிரண்டு வயதில் கிடைத்த புலமைப்பரிசில் புகழ்பெற்ற பாடசாலையொன்றின் வாயிலைத் திறந்தது. 2019 நவம்பர் 2இல் யோக்கோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என வென்ற பதினைவருள் அறுவர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவருமாவர். அப்போட்டியின் இரு 'ட்றை'களையும் மகசோலே மபிம்பியும் செஸ்லின் கொல்பேயும் பெற்றனர். இவருள் மபிம்பி கிழக்குக் கேப்பின் கிராமத்தவர். புகழ்பெற்ற றக்பிப் பாடசாலை எதிலும் பயிலாதவர். ஒருவருக்கு வாயில் திறந்தது. மற்றவர் வாயிலே இல்லாத வழியில் வந்தார். அவரைப் போல வரமுடியாது போனோரின் பெயர்கள் எப்பட்டியலிலும் இல்லை.

2023 உலகக் கிண்ணத்தில், காயமுற்ற ஹூக்கர் மல்கம் மாக்சுக்குப் பதிலாக வேறொரு ஹூக்கரை அழையாது, உதைப்பதில் வல்ல ஹன்ட்ரே பொலார்டை அழைத்தனர். இறுதிப் போட்டியின் ஆரம்பத்திலேயே எஞ்சிய ஹூக்கரும் காயமுற்று வெளியேறினார். ஆயினும் அணி பெற்ற 12 புள்ளிகளையும் பொலார்டே உதைத்துப் பெற, நியூசிலாந்து 12-11 எனத் தோற்றது. அத்தெரிவு துணிவா, மடமையா என்ற வாதம் ஆட்டத்தைப் பற்றிய வாதமாகவே இருந்தது. தெரிவு பற்றிய விவாதம் அவ்வாறு ஆட்டத்தோடு நின்றுவிடுவது ஒரு சமூகம் பெறும் சிறு விடுதலை எனலாம்.

2010இல் நியூசிலாந்துச் சபையும் தென்னாபிரிக்கச் சபையும் விலக்கப்பட்ட மாவோரி வீரரிடம் மன்னிப்புக் கோரின. ஜோர்ஜ் நேப்பியா 1986இலேயே மறைந்துவிட்டார். காலந்தாழ்ந்த மன்னிப்பு பதிவேட்டைத் திருத்தலாம். ஆடப்படாத ஆட்டத்தை மீட்டுத் தராது. ஆகவே, தகுதியைப் பற்றிப் பேசும் எவரும், எந்நாட்டவராயினும், எத்துறையினராயினும், முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: அளக்கப்பட்டோருள் சிறந்தவர் யார் என்பதன்று அவ்வினா, அளப்பதற்கு முன்பே வெளியே நிறுத்தப்பட்டோர் யார் என்பதே.