மின்னலின் தொடக்கநிலைத் துடிப்புகள்

இடிமுகிலுக்குள் மின்னல் உருவாகத் தொடங்கும்போது, தரையைத் தொடும் ஒளி வீச்சுக்கு முன்பாகவே வெளிப்படும் மின்புல மாற்றங்கள் மின்னலின் தொடக்கநிலைத் துடிப்புகள் எனப்படுகின்றன. மின்னல் பிறக்கும் இடம் முகிலுக்குள் மறைந்திருப்பதால், அங்கு நிகழ்வதை ஒளிப்படக் கருவியால் தெளிவாகக் காண்பது அரிது. எனவே மின்னல் எவ்வாறு தொடங்குகின்றது என்பதை ஆராய்வதற்கு இத்துடிப்புகளே முதன்மையான சான்றாக விளங்குகின்றன.

மின்னலின் கட்டங்கள்

தரையைத் தாக்கும் மின்னல்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, முகிலின் எதிர் மின்னூட்டத்தைத் தரைக்குக் கொண்டு வருபவை. இவ்வகை மின்னல் மூன்று கட்டங்களாக நிகழ்கின்றது.

1. தொடக்க முறிவு: முகிலின் நடுவே உள்ள எதிர் மின்னூட்டப் பகுதியின் கீழ்ப்புறத்தில், காற்று தனது காப்புத்தன்மையை இழக்கின்றது. அப்போது சில மில்லிநொடிகள் நீடிக்கும் ஒரு துடிப்புத் தொடர் தோன்றுகின்றது. இதிலுள்ள பெரிய துடிப்புகள் சில பத்து மைக்ரோநொடி அகலம் கொண்டவை. அவற்றுக்கு இடையிலான இடைவெளி ஏறத்தாழ 100 மைக்ரோநொடி.

2. படி முன்னோடி: மின்கடத்தும் தடம் ஒன்று, ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள படிகளாகக் கிளைவிட்டுக் கீழிறங்குகின்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறு துடிப்பு உண்டாகின்றது. இதன் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 200 கி.மீ. ஆகும்.

3. மீள்தாக்கம்: தரையிலுள்ள மரம், கட்டடம் போன்றவற்றிலிருந்து எழும் மேல்நோக்கிய முன்னோடியுடன் அது இணைந்ததும், சுமார் 30,000 ஆம்பியர் உச்ச மின்னோட்டம் பாய்கின்றது. நாம் காணும் பேரொளி இதுவே.

வரலாறு

1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சார்லஸ் வெர்னன் பாய்ஸ், சுழலும் வில்லைகள் கொண்ட ஒளிப்படக் கருவி ஒன்றை வடிவமைத்தார். இம்முறையைப் பயன்படுத்தி, 1930களில் தென்னாப்பிரிக்காவில் பேசில் ஷோன்லாந்தும் உடன் ஆய்வாளர்களும் படி முன்னோடியைப் படம்பிடித்தனர். ஆனால் முகிலுக்குள் நிகழ்வது படத்தில் பதியவில்லை. அந்நாட்டிலேயே 1957இல் கிளாரன்ஸ், மாலன் ஆகியோர் மின்புலப் பதிவுகளைக் கொண்டு, முன்னோடிக்கு முந்தைய தொடக்க முறிவைத் தனிக் கட்டமாக விவரித்தனர்.

அளவிடும் முறை

திறந்தவெளியில் வைக்கப்படும் உலோகத் தட்டு ஒன்று உணர்வியாகப் பயன்படுகின்றது. மின்புலம் மாறும்போது தட்டில் தூண்டப்படும் மின்னூட்டமும் மாறும். இம்மாற்றத்தைத் தொகையாக்கிச் சுற்று மின்னழுத்தமாகத் தருகின்றது. மெதுவான மாற்றங்களையும் விரைவான துடிப்புகளையும் பதிய வெவ்வேறு கால மாறிலி கொண்ட சுற்றுகள் தேவை. துடிப்பின் வடிவம் சிதையாதிருக்க, நொடிக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும்.

ஒரே துடிப்பு பல நிலையங்களை வந்தடையும் நேர வேறுபாட்டிலிருந்து அது பிறந்த இடத்தைக் கணிக்கலாம். மின்காந்த அலை 1 மைக்ரோநொடியில் 300 மீட்டர் செல்வதால், நிலையங்களின் கடிகாரங்கள் மிகத் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். இதற்குச் செயற்கைக்கோள் இடங்காட்டியின் நேரம் பயன்படுகின்றது.

இடத்துக்கு இடம் வேறுபாடு

இலங்கையிலும் சுவீடனிலும் பதிவான தொடக்கத் துடிப்புகளைச் சந்திம கோமஸ், வெர்னன் கூரே உள்ளிட்டோர் 1998இல் ஒப்பிட்டனர். மீள்தாக்கத் துடிப்புடன் ஒப்பிடுகையில், சுவீடனில் இவை பெரியனவாகவும் இலங்கையில் மிகச் சிறியனவாகவும் இருந்தன. முகிலின் அடிப்பகுதியிலுள்ள சிறு நேர் மின்னூட்டப் பகுதியின் வலிமை இடத்துக்கு இடம் வேறுபடுவது இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகின்றது.

தீராத வினா

கடல்மட்டத்தில் காற்று மின்முறிவு அடைய, மீட்டருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ட் மின்புலம் தேவை. முகிலின் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் இது ஏறத்தாழப் பாதியாகும். ஆயினும் பலூன்கள் மூலம் முகிலுக்குள் அளக்கப்பட்ட மின்புலம் பெரும்பாலும் சில இலட்சம் வோல்ட்டைத் தாண்டுவதில்லை. அவ்வாறாயின் மின்னல் எவ்வாறு தொடங்குகின்றது?

பனித்துகள், நீர்த்துளி ஆகியவற்றின் முனைகளில் மின்புலம் செறிவடைகின்றது என்பது ஒரு கருதுகோள். அண்டக்கதிர்கள் தூண்டும் அதிவேக எலக்ட்ரான் பெருக்கம் காரணம் என்பது 1992இல் குரேவிச் முதலியோர் முன்வைத்த மற்றொரு கருதுகோள். 2021இல் வெளியான ஆய்வொன்றில், நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் வானொலித் தொலைநோக்கி, மிக மெல்லிய உமிழ்வாகத் தொடங்கி விரைந்து வலுப்பெறும் ஒரு மின்னலின் தொடக்கத்தைப் பதிந்தது. இவ்வினாவுக்கு முழுமையான விடை இன்னும் கிட்டவில்லை.

பாதுகாப்பு

முன்னோடி 6 கி.மீ. உயரத்திலிருந்து தரையை அடைய ஏறத்தாழ 30 மில்லிநொடி போதும். மனிதர் ஒரு சைகைக்கு எதிர்வினையாற்ற எடுக்கும் நேரம் இதனைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே, ஒரு மின்னலின் தொடக்கத் துடிப்பைக் கொண்டு அதே மின்னலிலிருந்து ஒருவரை எச்சரிக்க இயலாது. ஆனால் பல இடிமழைகளில், தரையைத் தாக்கும் முதல் மின்னலுக்கு முன்பே முகிலுக்குள் மின்னல்கள் நிகழ்கின்றன. அவற்றின் துடிப்புகளைக் கண்டறியும் வலையமைப்புகளால் முன்கூட்டியே எச்சரிக்க முடிகின்றது. கருவி ஏதும் இல்லாதவர்களுக்கு இடியோசையே எச்சரிக்கை. அது கேட்டவுடன் பாதுகாப்பான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்க

மின்னல்
இடிமுகில்
இடிதாங்கி
மின்முறிவு